டெத் வேலில கல்லு தானா நகருதாமே, உண்மையா கிராஃபிக்ஸா?

கேள்வி, ஜனவரி 6

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது. அமெரிக்கால ஏதோ பாலைவனமாம், அங்க பெரிய பெரிய கல்லு ராத்திரில தானா நகருமாம், பின்னாடி நீளமா கோடு விழுந்திருக்கு. கீழ காந்த சக்தி இருக்குன்னும் நாசாவே கையை விரிச்சிடுச்சுன்னும் எழுதியிருக்காங்க. கிராஃபிக்ஸ்னு நான் சொல்றேன், எங்க பெரியண்ணன் சத்தியமா உண்மைங்கறார். யாராவது நேர்ல போயிருந்தா சொல்லுங்க.

ஜனவரி 6, இரவு 9:40

நான் போயிருக்கேன். கல்லு நகர்றது உண்மை, அந்தக் கோடும் உண்மை. காந்தம், நாசா கையை விரிச்சது ரெண்டும் பொய். எப்படி நகருதுன்னு 2013 டிசம்பர்ல நேர்லயே பார்த்துட்டாங்க, 2014ல ஆய்வுக் கட்டுரையாவும் வந்தாச்சு. நாளைக்கு விவரமா எழுதுறேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஜனவரி 7, காலை

இடத்தோட பேரு ரேஸ்ட்ராக் ப்ளாயா. கலிஃபோர்னியாவுல நெவாடா எல்லைக்குப் பக்கத்துல டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. ப்ளாயான்னா காஞ்சு போன ஏரிப்படுகை. சுத்தி மலை, நடுவுல தெற்கு வடக்கா நாலரை கிலோமீட்டர், கிழக்கு மேற்கா ரெண்டு கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேல 1,130 மீட்டர் உயரத்துல ஒரு களிமண் தரை. அது எவ்வளவு சமம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த நாலரை கிலோமீட்டர்ல வடக்கு முனை தெற்கு முனையை விட ஒரு 4 சென்டிமீட்டர்தான் உயரம். தரை பூரா வெடிப்பு விட்டு சின்னச் சின்ன கட்டமா இருக்கும். தெற்கு ஓரத்துல கருப்பா ஒரு டோலமைட் மலைச்சரிவு, அங்கேருந்து உடைஞ்சு விழுற கல்லுதான் இந்தத் தரைக்கு வருது. வந்த பிறகு அதுவா ஊர்வலம் போகுது, அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பக்கமா, அதாவது அந்த 4 சென்டிமீட்டர் மேட்டை நோக்கி. அதனால சரிவுல வழுக்கிட்டுப் போகுதுன்னும் சொல்ல முடியாது.

இப்ப எப்படி நகருதுன்னு வருவோம். வருஷத்துக்கு அங்க பெய்யுற மழையே 75லேருந்து 100 மில்லிமீட்டர்தான். குளிர்காலத்துல எப்பவாவது நல்ல மழையோ பனியோ விழுந்து தண்ணி வடிஞ்சு வந்து ப்ளாயாவோட தெற்குப் பக்கம் தேங்கணும், அதுவும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும். மிதக்குற அளவுக்குப் பனிக்கட்டி உருவாகணும், ஆனா கல்லு முழுகிடக் கூடாது, அந்தக் கணக்கு. ராத்திரி குளிருல மேல்தண்ணி உறைஞ்சு ஜன்னல் கண்ணாடி கனத்துக்கு, 3லேருந்து 6 மில்லிமீட்டர், ஒரு பனித்தகடா ஆகும். மறுநாள் வெயில் ஏறினதும் தகடு வெடிச்சுப் பெரிய பெரிய பாளமா பிரியும், ஒவ்வொண்ணும் பத்து இருபது மீட்டர் அகலம் கூட இருக்கும். அப்ப லேசா காத்து அடிச்சா போதும், செகண்டுக்கு 4, 5 மீட்டர் வேகம், சைக்கிள்ல போறவங்களுக்குக் கூட தொந்தரவு இல்லாத காத்து. பாளம் மெதுவா நகர்ந்து வழியில இருக்குற கல்லைத் தள்ளும். அடியில களிமண் ஊறி கொழகொழன்னு இருக்கறதால கல்லு நிமிஷத்துக்கு 2லேருந்து 5 மீட்டர் வேகத்துல போகும். போன வழி சேத்துல பதியும். பிறகு தண்ணி வத்தி, தரை காஞ்சு, கோடு மட்டும் வருஷக்கணக்குல நிக்கும்.

கல்லு போற நேரத்துல தடம் கலங்கல் தண்ணிக்கும் பனிக்கும் அடியில இருக்கும், அதனால பக்கத்துல ஒருத்தர் நின்னுட்டு இருந்தாக்கூட உடனே கண்ணுல படாது. இத்தனை வருஷம் ஏன் யாருமே பார்க்கலைன்னு கேட்டா இதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்தக் குளிருல, அந்த ஈரத்துல, அந்த ரோட்டுல யாரும் போக மாட்டாங்க.

ஜனவரி 7, மதியம்

காந்தம் பத்தி கேட்ட சகோவுக்கு: டோலமைட்ங்கறது கால்சியம், மெக்னீசியம் கலந்த கார்பனேட் பாறை, சுண்ணாம்புக்கல்லுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டினா ஒட்டாது. ராத்திரில நகருதுங்கறதும் தப்பு, வெயில் ஏறி பனி உடையுற பகல் நேரத்துலதான் நகர்றதைப் பார்த்திருக்காங்க.

ஜனவரி 9

யார் கண்டுபிடிச்சாங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஒருத்தர் ஒரு நாள்ல கண்டுபிடிச்ச கதை இல்ல இது. எனக்குக் கல்லை விட இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும்.

1948ல மெக்அலிஸ்டர், ஆக்னியூன்னு ரெண்டு நிலவியலாளர்கள் இந்தப் பகுதியை வரைபடமாக்கும்போது தடங்களைப் பத்தி எழுதினாங்க, பலமான காத்துதான் தள்ளியிருக்கும்னு நினைச்சாங்க. 1955ல ஜார்ஜ் ஸ்டான்லி, இல்ல, பனிக்கட்டி சம்பந்தப்பட்டிருக்கணும்னு சொன்னார். அதுக்கப்புறம் காத்துக் கட்சி, பனிக் கட்சின்னு ரெண்டா பிரிஞ்சு அரை நூற்றாண்டு வாதம் நடந்தது.

இந்த வாதத்துக்கு நடுவுல ராபர்ட் ஷார்ப், ட்வைட் கேரின்னு ரெண்டு பேர் பொறுமைன்னா என்னன்னு காட்டினாங்க. 30 கல்லைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணும் இருக்குற இடத்துல முளை அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சாங்க, எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க பேரு. மேரி ஆன், நான்சி, கேரன். ஏழு வருஷம் வந்து வந்து அளந்தாங்க. முதல் குளிர்காலத்துலயே 10 கல்லு இடம் மாறிடுச்சு, மேரி ஆன் 65 மீட்டர் தள்ளிப் போயிருந்தா. நான்சி இருக்கறதுலயே சின்னது, 6 சென்டிமீட்டர் சுமார் குறுக்களவு, உள்ளங்கைல அடங்கிடும், ஒரே குளிர்காலத்துல 201 மீட்டர் போயிருக்கா! மொத்த ஆய்வுல ரெண்டே ரெண்டு தவிர எல்லாக் கல்லும் நகர்ந்தது. கோடைல நகர்ந்ததா ஒண்ணு கூட உறுதியாகல.

கேரன் நகரல. அது சுமார் 320 கிலோ டோலமைட் பாறை, பின்னாடி 170 மீட்டருக்கு நேர்கோடா பழைய தடம் இருந்தது, ஆனா அந்த ஏழு வருஷமும் அசையல. அப்புறம் 1994 மே மாசத்துக்கு முன்னாடி எப்பவோ காணாமப் போயிடுச்சு. 320 கிலோ கல்லு! லாரி, விஞ்ச் கொண்டுவந்து தூக்கியிருந்தா தரைல தடயம் இருக்கணும், அப்படி எதுவும் இல்ல. 1992-93 குளிர்காலம் வழக்கத்தை விட ஈரமா இருந்தது, அப்ப கிளம்பியிருக்கும்னு நினைக்கிறாங்க. 1996ல பாலா மெசினாங்கற நிலவியலாளர் கேரனைத் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. அவங்க ப்ளாயால இருந்த தடம் ஒவ்வொண்ணையும் ஜிபிஎஸ் வச்சு வரைபடமாக்கினவங்க, கல்லு கல்லா நடந்து நடந்து.

ஜனவரி 10

நேத்து எழுதினதுல பட்டி கட்டின கதை விட்டுப்போச்சு, அது இல்லாம ஷார்ப், கேரி கதை முழுசாகாது.

பனிதான் தள்ளுதான்னு சோதிக்க, 1.7 மீட்டர் அகலத்துக்கு வட்டமா கம்பி அடிச்சு, ஆட்டுப்பட்டி மாதிரி, உள்ள ரெண்டு கல்லை வச்சாங்க. பெரிய பனித்தகடு வந்தா கம்பில முட்டி நிக்கணும், இல்லைன்னா ரெண்டு கல்லும் சேர்ந்து ஒரே மாதிரி நகரணும். நடந்தது என்னன்னா ஒரு கல்லு கம்பிக்கு நடுவுல புகுந்து வெளிய போயிடுச்சு, இன்னொண்ணு அங்கேயே இருந்தது. அப்ப பனி காரணமா இருக்க முடியாது, குறைஞ்சது கனமான பனி இல்லன்னு முடிவு பண்ணாங்க.

இதை இப்ப படிக்கிறவங்க ‘தப்பாச் சொல்லிட்டாங்களே’ன்னு சுலபமா கடந்துடுவாங்க. எனக்கு அப்படித் தோணல. அவங்க கைல இருந்த சாட்சியத்துக்கு அந்த முடிவு நியாயமானது. மெல்லிசான தகடு உடைஞ்சு கம்பிக்கு நடுவுலயும் நுழையும், ஒரு கல்லை இழுத்துட்டு இன்னொண்ணை விட்டுட்டும் போகும்னு நேர்ல பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது. 1995ல ஜான் ரீடோட குழு, தூரமா இருக்குற தடங்க ஒண்ணுக்கொண்ணு அச்சு மாதிரி ஒரே வளைவுல வளையுது, ஒரே பெரிய பனிப்பரப்பு தள்ளினாதான் இது நடக்கும்னு காட்டினாங்க. அந்தச் சாட்சியமும் சரிதான். ரெண்டு பக்கமும் பாதி பாதி பிடிச்சிருந்தாங்க.

ஜனவரி 10, இரவு

2013 கதை சுருக்கமா. ரிச்சர்ட் நாரிஸ், அவரோட உறவினர் ஜேம்ஸ் நாரிஸ் ரெண்டு பேரும் 2011 குளிர்காலத்துல பூங்கா அனுமதியோட அங்க ஒரு வானிலைக் கருவி வச்சு, 15 கல்லுல நகர்ந்தா உடனே பதிவாகுற ஜிபிஎஸ் பொருத்தினாங்க. அங்க இருக்குற கல்லுல ஓட்டை போட பூங்கா அனுமதிக்கல, அதனால வெளிய இருந்து அதே மாதிரி கல்லைக் கொண்டுபோய் வச்சாங்க. அப்புறம் காத்திருப்பு. பத்து வருஷம் ஆகலாம்னுதான் நினைச்சிருந்தாங்க. 2013 டிசம்பர்ல போனப்போ ப்ளாயால தண்ணி நிக்குது, பனி மூடியிருக்கு. டிசம்பர் 20, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பனி படபடன்னு வெடிக்கிற சத்தம் கேட்குது, கண் முன்னாடி 60க்கும் மேல கல்லுங்க நகருது! அந்த டிசம்பர், ஜனவரிக்குள்ள சில கல்லு பல தவணைல மொத்தம் 224 மீட்டர் வரை போயிருந்தது. கட்டுரை 2014 ஆகஸ்ட்ல ப்ளாஸ் ஒன் இதழ்ல வந்தது, காசு கட்டாம யார் வேணா படிக்கலாம்.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். கேரன் அளவு ராட்சசக் கல்லுங்க நகர்றதை அன்னைக்கும் பார்க்கல. அதுக்கு இன்னும் கனமான பனியோ இன்னும் பலமான காத்தோ வேணுமாங்கறது திறந்த கேள்விதான்.

ஜனவரி 13

இங்க எழுதிட்டு இருக்கறதைப் பார்த்துட்டு என் பொண்ணு பிடிச்சுக்கிட்டா, சனிக்கிழமை முழுக்க சமையலறை எங்க கைல இல்ல. ரால்ஃப் லோரன்ஸ்னு ஒரு கோள் ஆய்வாளர் இருக்கார், 2013ல நாரிஸ் குழுவோடயும் இருந்தவர். அவர் அதுக்கு முன்னாடி வீட்டுல பண்ணின சோதனை இது, 2011ல கட்டுரையாவும் எழுதினார். பிளாஸ்டிக் டப்பால கொஞ்சம் தண்ணி ஊத்தி அதுல ஒரு சின்னக் கல்லை, பாதி வெளிய நீட்டிட்டு இருக்குற மாதிரி வச்சு ஃப்ரீசர்ல வச்சிடணும். உறைஞ்சதும் எடுத்துத் தலைகீழாத் திருப்பி, அடியில மணல் பரப்பின தண்ணித் தட்டுல மிதக்க விடணும், கல்லோட நுனி மணலை லேசா தொடணும். அப்புறம் வாயால ஊதினா பனிக்கட்டி நகரும், கல்லு மணல்ல கோடு போட்டுட்டே போகும்.

நாங்க மீன்தொட்டி மணலைப் போட்டோம். மொதல்ல தண்ணி ஜாஸ்தியாகிக் கல்லு அடியைத் தொடவே இல்ல, அப்புறம் குறைச்சுட்டு ஊதினதும் அழகா ஒரு வளைஞ்ச கோடு விழுந்தது. அவ முகத்தைப் பார்க்கணுமே! இவ்வளவு மெதுவா ஊதினா போதுமாப்பான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. அதுதான் இதுல விஷயமே, புயல் தேவையில்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்கும்போது சேர்த்தே சொல்லிடுங்க. இந்தச் சோதனைல பனிக்கட்டி கல்லைத் தூக்கிப் பிடிச்சுக்குது, அதனால உராய்வு குறையுது. 2013ல பார்த்ததுல பனி கல்லைத் தூக்கல, மெல்லிசான தகடு பக்கவாட்டுல தள்ளிட்டுதான் போச்சு. காத்து ஒரு சின்னக் கல்லு மேல அடிக்கிறதுக்கும், அதோட பின்னாடி இருபது மீட்டர் பனிப்பரப்பு மேல அடிக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

ஜனவரி 14

‘அப்ப லடாக் காந்த மலையும் இதே கதைதானா’ன்னு கேட்ட அக்காவுக்கு. இல்லக்கா, அது வேற. லேலேருந்து கார்கில் போற ரோட்டுல சுமார் 30 கிலோமீட்டர்ல இருக்கு, போர்டு கூட வச்சிருக்காங்க, வண்டியை நியூட்ரல்ல விட்டா மேல ஏறுதுன்னு. நானும் அதுல நின்னு பார்த்திருக்கேன், உடம்பெல்லாம் சிலிர்க்கும், அந்த அனுபவம் பொய்யில்ல. ஆனா ரோடு அங்க உண்மையில இறக்கம். சுத்தி மலை சாஞ்சு நிக்குறதால நம்ம கண்ணுக்கு சமதளம் எதுன்னு பிடிபட மாட்டேங்குது, இறக்கத்தை ஏத்தமாப் பார்க்குது. கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டத்தைத் தரைல வச்சா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும். இதே மாதிரி இடம் கனடாவுல மாங்க்டன்லயும் இருக்கு, அதுக்கும் காந்த மலைன்னுதான் பேரு.

ரேஸ்ட்ராக்ல கல்லு நிஜமா இடம் மாறுது. லடாக்ல மாறுறது நம்ம பார்வை.

ஜனவரி 18

இழை கல்லு பூரா சுத்துது, நல்லாத்தான் இருக்கு. மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டையைப் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. அது ஏன் உருளலைன்னு கேட்கறீங்க, ஆனா அது எங்கேருந்தோ உருண்டு வந்து நின்ன கல்லு இல்லங்க. கருங்கல் பாறைல இயற்கையா விரிசல் இருக்கும், அதுல தண்ணி இறங்கி மூலை முடுக்கெல்லாம் மொதல்ல சிதைஞ்சு, நடுவுல இருக்குற கெட்டியான பகுதி மட்டும் உருண்டையா மிஞ்சும். சுத்தி இருந்த சிதைஞ்சது எல்லாம் கழுவிட்டுப் போயிடும். ஆக அது பிறந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கு, சுமார் 250 டன்னுன்னு சொல்றாங்க. 1908ல கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானையைக் கட்டி இழுக்கச் சொன்னாருன்னு வழிகாட்டிங்க எல்லாரும் சொல்ற கதை உங்களுக்கே தெரியும்.

ருமேனியால கோஸ்டெஸ்டி ஊர்ல ‘வளர்ற கல்லு’, ‘குட்டி போடுற கல்லு’ன்னு ஒரு வீடியோ வரும் பாருங்க, ட்ரோவன்ட்னு பேரு. மணல் படிவத்துக்குள்ள சுண்ணாம்புச் சத்து ஊறி அங்கங்க மணலை சிமென்ட் மாதிரி கெட்டியாக்கிடுது, சுத்தி இருக்குற தளர்ந்த மணல் மழைல கரையக் கரைய உள்ள இருந்த உருண்டை வெளிய தெரிய ஆரம்பிக்கும். மழை பெஞ்சு கல்லு பெருசானதாத் தோணும். குட்டின்னு சொல்றது பக்கத்துலயே ஒட்டிக்கிட்டுக் கெட்டியான இன்னொரு உருண்டை. நியூசிலாந்துல மோராக்கி கடற்கரைல 2 மீட்டர் குறுக்களவு வரை உருண்டைக் கல்லுங்க கிடக்கு, அதுவும் இதே வம்சம். கடலுக்கடியில சேத்துக்குள்ள உருவானது, பெரிய உருண்டை அந்த அளவு வர சுமார் 40, 50 லட்சம் வருஷம் பிடிச்சிருக்கும்னு கணக்கிட்டிருக்காங்க. இங்க நிறுத்திக்கிறேன், ரேஸ்ட்ராக்குக்கு வந்துடறேன்.

ஜனவரி 26

போன அனுபவத்தை எழுதச் சொல்லி தனியாவும் கேட்டீங்க.

யூபிஹீபின்னு ஒரு எரிமலைக் குழி இருக்கு, அதோட தார் ரோடு முடியும். அங்கேருந்து சுமார் 43 கிலோமீட்டர் கப்பி ரோடு, கப்பின்னு கூட சொல்லக் கூடாது, அலை அலையா மடிப்பு விழுந்து கூரான கல்லு நிறைஞ்ச பாதை. பல்லு ஆடும். நாங்க ரெண்டு வண்டில போனோம், எங்களோடது வாடகைக்கு எடுத்த உயரமான வண்டி, குடுத்தவங்க டயர் புதுசுன்னு சொன்னாங்க, பார்த்தா வழுவழுன்னு இருந்தது, அதையும் நம்பிப் போனதுல பாதி வழில ஒரு டயர் கிழிஞ்சுது. ஃபோன்ல ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. மாத்துற வரைக்கும் ஒரு வண்டி கூட எதிர்ல வரல. வழியில டீகெட்டில் ஜங்ஷன்னு ஒரு பலகை, போறவங்க எல்லாம் டீ கெட்டிலைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, நடுப் பாலைவனத்துல கலர் கலரா ஆடிட்டு இருக்கு. அதைப் பார்த்ததும் என் மனைவிக்கு அதுவரை இருந்த கோபம் போயிடுச்சு.

முதல்ல தெரியுறது வடக்குப் பக்கத்துல தரைலேருந்து எழும்பி நிக்குற கருப்புப் பாறைத்தீவு, கிராண்ட்ஸ்டாண்ட்னு பேரு, 22 மீட்டர் உயரம். நிறைய பேர் அங்கேயே இறங்கிப் படம் எடுத்துட்டுக் கல்லு எங்கன்னு தேடிட்டுத் திரும்பிடறாங்க. கல்லைப் பார்க்க இன்னும் மூணு கிலோமீட்டர் தெற்கே போய், வண்டியை விட்டு இறங்கி, தென்கிழக்குப் பக்கமா நல்லா நடக்கணும்.

ஒவ்வொரு கல்லு முன்னாடியும் நின்னேன். ஒண்ணு நேரா போய் திடீர்னு வலப்பக்கம் திரும்பியிருந்தது. ரெண்டு தடம் குறுக்க வெட்டிக்கிட்டது. ஒரு தடத்தோட முடிவுல, கல்லு நின்ன இடத்துல, முன்னாடி சேறு சின்ன வரப்பா குவிஞ்சு அப்படியே காஞ்சிருந்தது. சத்தமே இல்ல அந்த இடத்துல, நம்ம மூச்சுதான் நமக்குக் கேட்கும். எப்படி நடக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், எல்லாம் படிச்சுட்டுதான் போனேன், தெரிஞ்சும் தொண்டை அடைச்சுது.

அப்புறம் ஒரு தடம், நல்ல ஆழமான தடம், போய் முடியுது, முனைல கல்லு இல்ல. அதுக்குப் பக்கத்துலயே ஷூ தடம், ஈரமா இருந்தப்ப நடந்து காஞ்சு போனது, அச்சு அச்சா. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இந்த மண்ணு அடுத்த வெள்ளம் வர்ற வரைக்கும் எதையும் மறக்காது. நமக்குப் பொழுதுபோக்கா அஞ்சு நிமிஷம், அங்க அது வருஷக்கணக்குல நிக்குது. 2016 ஆகஸ்ட்ல யாரோ இந்தத் தரை மேல காரையே ஓட்டி சுமார் 16 கிலோமீட்டருக்கு டயர் தடம் போட்டிருந்தாங்க, செய்திலயும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தா வயிறு எரியும்.

ஜனவரி 27

வெறும் தடத்தைப் பத்தி இன்னொரு பக்கமும் இருக்கு. கல்லு இல்லாத தடம் எல்லாமே திருட்டு இல்ல. தண்ணில மிதக்குற பனிப்பாளத்தோட ஓரமே தரை தட்டி உழுதுட்டுப் போகும், அதுவும் கல்லு போன தடம் மாதிரியே இருக்கும்னு நாரிஸ் குழு எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி பூங்காக்காரங்களே சுற்றுலாப் பயணிங்க தூக்கிட்டாங்கன்னு சந்தேகப்பட்ட தடங்க கூட அதுல உண்டு. நான் பார்த்தது எதுன்னு சொல்ல வழியில்ல. ஷூ தடம் மட்டும் மனுஷன் போட்டதுதான், அதுல சந்தேகம் இல்ல.

கல்லைத் தூக்கிட்டுப் போறவங்க என்ன நினைக்கிறாங்கன்னு புரியல. வீட்டு அலமாரில வச்சா அது வெறும் டோலமைட் துண்டு. அது நகராது. அங்க இருந்தா அடுத்த குளிர்காலத்துல கிளம்பியிருக்கும்.

பிப்ரவரி 2

ஒரு சகோ, ‘இப்படி வழியெல்லாம் எழுதினா இன்னும் நாலு பேர் போய் மிதிப்பாங்களே, எழுதாம இருக்கலாமே’ன்னு கேட்டார். நியாயமான கேள்வி, ரெண்டு நாளா யோசிச்சேன். இடம் எல்லா வரைபடத்துலயும் இருக்கு, பூங்காவே வழி போட்டிருக்கு, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. போறவங்களுக்குத் தெரியாதது அந்த ஈரமண் விஷயம்தான். அதை வழியோட சேர்த்தே எழுதணும்னு முடிவு பண்ணினேன், அதனாலதான் விடாம அதையே சொல்லிட்டு இருக்கேன்.

பிப்ரவரி 11

‘விடை தெரிஞ்சுடுச்சே, இனிமே அதுல என்ன இருக்கு’ன்னு கேட்டவருக்கு.

எனக்கு நேர்மாறாத் தோணுது. பேய் தள்ளுதுன்னு நினைச்சா பேயோட முடிஞ்சு போச்சு. இப்ப என்ன தெரியும்? பாலைவனத்துல மழை பெய்யணும், அதுவும் அளவா. ராத்திரி உறையணும். காலைல வெயில் வரணும், மேகம் வரக் கூடாது. உருகுறதுக்கு முன்னாடி காத்து வரணும், அதுவும் மெதுவா. இத்தனையும் ஒரே நாள்ல கூடி வந்தா சில நிமிஷம் நகரும், அப்புறம் வருஷக்கணக்குல சும்மா இருக்கும். ஷார்ப், கேரி பார்த்த ஏழு குளிர்காலத்துல மூணுலதான் நிறைய கல்லு நகர்ந்தது.

இன்னொரு கவலையும் இருக்கு. லோரன்ஸும் ப்ரையன் ஜாக்சனும் 2014ல வேற ஒரு கட்டுரைல, 1970கள்ல இருந்த அளவுக்கு இப்ப கல்லு நகரலையோ, காலநிலை மாற்றம் காரணமா இருக்குமோன்னு கேட்டிருந்தாங்க. உறையுற ராத்திரி குறைஞ்சா பனி இல்ல, பனி இல்லன்னா கல்லு நின்னுடும். காந்த சக்தின்னு ஃபார்வேர்ட் பண்ணிட்டே இருந்தா இந்தக் கவலை வரவே வராது, காந்தம் எங்க போகப் போகுது. காரணம் தெரிஞ்சதாலதான் இதை இழந்துடலாம்ங்கறதே தெரியுது.

பிப்ரவரி 12

கேள்வி கேட்ட சகோ, பெரியண்ணன்கிட்ட ஜெயிச்சது யாருன்னு கேட்டிருந்தீங்க. கல்லு நகருதுங்கறதுல அவர் சொன்னது சரி. ஆனா அந்த வீடியோல கல்லு வேகமா ஓடுற மாதிரி காட்டுற பகுதி வேகம் கூட்டினது. நாரிஸ் குழு எடுத்த நிஜப் படத்துல உத்துப் பார்த்தாதான் நகர்றது தெரியும்.

மார்ச் 1

ஏப்ரல்ல அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்ட தம்பிக்கு. ஏப்ரல் நல்ல மாசம், வெயில் கொடுமை ஆரம்பிச்சிருக்காது, ஆனா அந்த 43 கிலோமீட்டர் முதுகுவலி இருக்கறவங்களுக்கு ஆகாது, யோசிச்சுக்கோங்க. யூபிஹீபி குழி வரைக்கும் தார் ரோடுதான், பெரியவங்களுக்கு அதுவே பெரிய காட்சி. அதைத் தாண்டிப் போறதா இருந்தா உயரமான வண்டி, கனமான டயர், முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம், ரெண்டு இருந்தா இன்னும் நல்லது. ஜாக்கி வேலை செய்யுதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுப் பாருங்க. பெட்ரோல் ஃபுல் பண்ணிக்கோங்க, தண்ணி தேவைக்கு மேலயே எடுத்துக்கோங்க, எப்ப திரும்புவீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. சிக்னல் இருக்காது. காலைல பூங்காவோட இணையதளத்துல ரோடு நிலவரம் பார்த்துடுங்க, மழைக்கு அப்புறம் மூடிடுவாங்க. தரை கொஞ்சம் ஈரமா இருந்தாலும் ஓரத்துலயே நின்னு பார்த்துட்டு வாங்க, உள்ள கால் வைக்காதீங்க. காஞ்சிருந்தா தாராளமா நடக்கலாம், கல்லை மட்டும் நகர்த்தாதீங்க, படத்துக்காகக் கூட.

வெயில் சாயும்போது போனா தடம் நிழல் விழுந்து நல்லாத் தெரியும், ஆனா இருட்டுல அந்த ரோட்டுல திரும்பி வர்றது ஆபத்து. அதனால விடியக்காலைல போயிடுங்க, அப்பவும் அதே சாய்ஞ்ச வெளிச்சம் கிடைக்கும்.